ஒற்றும் வேவும் - சில சிந்தனைகள்

யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலிகளிலே ‘பொட்டு’ என வழங்கும் சிறு துவாரம் ஒன்று எப்படியோ அமைந்துவிடுவதுண்டு. கோழி நுழைந்து நுழைந்து ஆக்கியதாக இருக்கலாம். அயல் வீட்டுப் பிள்ளைகள் புகுந்து ஆக்கியதாகவும் இருக்கலாம். அதன் வழியே அடுத்த வளவை நோக்குவதற்கு அங்குள்ளோர் இட்ட பெயர் ‘விடுப்புப் பார்த்தல்’ என்பது. பெண் பார்க்க வந்தோர் எத்தனை பேர், வந்த கார் யாருடையது, புறப்படும்போது முகங்கள் எவ்வாறு இருந்தன என்பனவெல்லாம் பொட்டின் வழியே அறியப்பட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருக்கும் அறிவிக்கப்பட்டுவிடும். தமிழகத்தார்க்கு விடுப்பு என்பது அலுவலகத்திலே பெறும் ஓய்வு நாள். ஈழத்துத் தமிழருக்கோ அது பிறர் காரியத்தை அறியத் துடிக்கும் ஓயாத ஆவல். ஒரே சொல் கடலைக் கடந்ததும் ஓய்வைத் தொலைத்துவிட்டது!

விடுப்புப் பார்ப்பவரை ஊர் ஏசும்; எள்ளி நகையாடும்; ஆனால் அஞ்சுவதில்லை. அதே பொட்டின் வழியே அதே கண் நோக்குவதை ‘வேவு பார்த்தல்’ என ஒருவர் சொல்லிவிடுவாராயின் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. கண் ஒன்றே, காட்சியும் ஒன்றே. கண்டதைக் கொண்டுசென்று யாரிடம் சேர்ப்பது என்பதிலேதான் வேறுபாடு உளது. விடுப்புப் பார்ப்பவர் எல்லாருக்கும் சொல்லுகிறார். வேவு பார்ப்பவர் ஒருவருக்கு மட்டுமே சொல்லுகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் அதிகாரம் உடையவராக இருப்பதனாலேயே வேவு என்னும் சொல்லைக் கேட்டதும் மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

இச்சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிச் செல்வோர் தொல்காப்பியத்துப் புறத்திணையியலுக்குச் செல்ல வேண்டியவராவர். வெட்சித் திணையின் துறைகளை வரிசைப்படுத்துமிடத்து, படை புறப்படும் அரவம், பாக்கத்திலே நற்சொல் கேட்கும் விரிச்சி, பகைவர் அறியாது செல்லும் செலவு ஆகியவற்றை அடுத்து, ஒற்றினால் ஆகிய ‘வேய்’ என்பதனைத் தொல்காப்பியர் வைக்கிறார். வேயின் பின்னரே பகைவரது ஊரைச் சூழ்ந்து தங்குதலும், ஊரை அழித்தலும், ஆநிரையைக் கவர்தலும் நிகழ்கின்றன. இந்த வேய் என்பதனோடு உறவுடையதே இன்றைய வேவு எனக் கருதப்படுகிறது. தெலுங்கிலே ‘வேகு’ எனவும் கன்னடத்திலே ‘பேஹு’ எனவும் இதன் இனச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன. ஒற்றாடலைக் குறிக்கக் கன்னடச் செய்தித்தாள்கள் ‘பேஹுகாரிகெ’ என்றே எழுதுகின்றன. ஆகவே இச்சொல் ஏதோ ஓர் அரசவையிலே புதிதாக ஆக்கப்பட்டதன்று. மாடு கவரச் சென்ற காலத்தின் மணம் அதிலே இன்னமும் வீசுகிறது.

வேய் என்பதற்கு மூங்கில் என்றும் பொருளுண்டு. கூரை வேய்தலிலும் அச்சொல்லைக் காண்கிறோம். மூடுதலாகிய கூரை வேய்தலையும் மறைந்து நோக்குதலையும் ஒரே வேரினின்றும் பிறப்பித்துக் காட்டும் ஆசை எவருக்கும் எழக்கூடியதே. ஆயின் ஒலியொற்றுமையை மட்டும் பற்றிக்கொண்டு உறவு கற்பித்தல் சொல்லாய்வு ஆகாது. எத்தனையோ சொற்பிறப்பு விளக்கங்கள் இந்த ஆசையிலே பிறந்து, மேடைகளிலே வளர்ந்து, கைதட்டலிலே வாழ்பவை.

வெட்சித் திணையிலே நின்று நோக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும் பாதீட்டைக் கூறியதன்றி, ‘புலனறி சிறப்பு’ எனவும் ஒரு துறையைக் கூறுகிறது. பகைப்புலத்துள் முன்னதாகச் சென்று நிலைமையை அறிந்து வந்துரைத்த ஒற்றருக்கு ஏனை மறவரினும் மிகுதியான பங்கை அளித்தலே அத்துறை. மறைந்து சென்றவனை ஊர் மறைத்து வைக்கவில்லை. கள்ளுண்டு மகிழும் கூட்டத்தின் நடுவே அவனை நிறுத்தி, இவனாலேயே இந்த மாடுகள் நமக்குக் கிடைத்தன என ஒப்புக்கொண்டு, கூடுதலான மாடுகளைக் கொடுத்து அனுப்புகிறது. அவன் ஊருக்காகச் சென்றவன். ஊராரை நோக்குவதற்கு அனுப்பப்பட்டவன் அல்லன்.

இதனைத் திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாகிய ‘ஒற்றாடல்’ என்பதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யற்க என்கிறார். செய்தால் மறைபொருளை வெளிப்படுத்தியவாறாகும் என்பது அவர் கூறும் காரணம். வெட்சி மறவர் வெளிப்படையாகக் கொடுத்ததனை வள்ளுவரின் அரசன் மறைவாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. இடையிலே நிகழ்ந்தது யாது? குடியாகவும் கூட்டமாகவும் வாழ்ந்த சமுதாயம் அரசாக மாறியமையே எனலாம். அரசின் ஒற்றன் பகைவரை மட்டும் நோக்குபவன் அல்லன். அரசனுக்கு வினை செய்வோர், அவன் சுற்றத்தார், அவனை வேண்டாதார் ஆகிய மூவகையினரையும் ஆராய்பவனே ஒற்றன் என அதே அதிகாரம் வரையறை செய்கிறது. சுற்றத்தார் என்னும் சொல் அங்கே இடம்பெறுவது மனங்கொள்ளத்தக்கது. வீட்டினுள்ளே இருப்பவரை நோக்கும் ஒருவனுக்கு எவ்வாறு நடுத்தெருவிலே மாலை சூட்ட முடியும்?

ஒற்றர் மீது வள்ளுவர் கொண்ட ஐயமும் சிறிதன்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றிப் பார்த்தே கொள்க; ஒற்றரை ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஆள்க; மூவர் சொல் ஒத்திருந்தாலன்றித் தெளியற்க என அவர் சொல்லிச் செல்கிறார். ஒருவன் சொன்னான் என்பதற்காக எவரையும் தண்டிக்கலாகாது என்னும் காப்பு இவ்விதிகளினுள்ளே மறைந்து கிடக்கிறது. உரையாசிரியர்கள் இதனை அரசனது நலன் நோக்கியே விளக்கிச் செல்வர். நோக்கப்படுபவனின் பக்கத்திலே நின்று வாசித்தால் இதே குறள்கள் வேறொரு பொருளைத் தருகின்றன.

இவ்வதிகாரம் வைக்கப்பட்டுள்ள இடமும் சிந்தனைக்குரியது. இதற்கு முந்திய அதிகாரம் ‘கண்ணோட்டம்’. பழகியவர்பால் கண் சென்றவழி நிகழும் இரக்கத்தைக் கூறுவது அது. நண்பர் தமக்கு நஞ்சிடுதலைக் கண்டும் அதனை உண்டு அமையும் நாகரிகத்தோடு அது முடிகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் ஒற்றும் நூலுமே அரசனின் இரு கண்கள் எனத் தொடங்குகிறது ஒற்றாடல். நஞ்சென அறிந்தும் உண்ணும் கண்ணும், எவரையும் விட்டுவைக்காது ஆராயும் கண்ணும் ஒரே அரசனுக்கு அடுத்தடுத்து விதிக்கப்பட்டிருக்கின்றன. அதிகார வைப்பு முறை நூலாசிரியருடையதோ பின்வந்தோருடையதோ, இவ்விரு கண்களையும் அருகருகே வைத்தவர் யாராயினும் அவர் அரசியலை நன்கு அறிந்தவராதல் வேண்டும்.

வடமொழியிலே கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இவ்வகைத் தயக்கங்கள் எதனையும் காட்டுவதில்லை. ஓரிடத்திலே நிலைத்திருந்து ஒற்றாடுவோரை அது வகைப்படுத்துகிறது. துறவி, உழவன், வணிகன், தவவேடத்தான் எனச் செல்லும் அவ்வரிசையின் முதலிலே நிற்பவன் யார் என்பது பல்கலைக்கழகத்திலே பயில்வோர்க்குச் சுவை தரக்கூடியது. பிறர் மனத்தை அறிவதிலே வல்லவனாகிய மாணவனே அவன்! மாணவர் கூடும் இடங்களிலே அரசின் செவி இருக்கும் என்னும் ஐயம் இக்காலத்தது மட்டுமன்று என்பதனை இதனால் அறியலாம்.

ஒற்று என்னும் சொல்லுக்கு வருவோம். தமிழிலே இதனைப் போன்று பல வாசல்களை உடைய சொற்கள் சிலவே. ஒற்றுதல் என்பது மெல்லத் தொடுதல், அழுத்துதல். கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம். கோயிற் பிரசாதத்தைக் கண்ணிலே ஒற்றிக்கொள்கிறோம். வீக்கத்திற்கு ஒற்றடம் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே ‘ஒற்றி’ என்பது ஈட்டின் ஒரு வகை. நிலத்தைக் கடன் கொடுத்தவன் வசம் விட்டு, வட்டிக்கு ஈடாக அதன் விளைவை அவன் நுகருமாறு செய்வது அது. நிலம் ஒருவனுடையது, அனுபவம் வேறொருவனுடையது. இலக்கணத்திலே ஒற்று என்பது மெய்யெழுத்து. அரை மாத்திரை அளவே ஒலிப்பது. உயிரைச் சாராமல் தனித்து இயங்க மாட்டாதது. யாப்பிலே தனியாக அசையாகும் உரிமையும் இல்லாதது. இருக்கிறது, ஆனால் கணக்கிலே சேர்வதில்லை. ஒற்றனின் இலக்கணமும் இதுவே எனச் சொல்லத் தோன்றும்! இவையெல்லாம் ஒரே வேரினின்றும் கிளைத்தவை என அடித்துக் கூறுதல் அவசரப்பாடாகும். கூரை வேய்தலுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். எனினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் ஒருவனின் செவியிலே இவையனைத்தும் கூடியே ஒலிக்கின்றன. சுவடு படாமல் தொட்டு மீள்பவன் என்னும் எண்ணம் ஒற்றன் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உள்ளத்திலே எழத்தான் செய்கிறது.

ஒற்றரை வைத்து நகையாடும் இடமும் நம் இலக்கியத்திலே உண்டு. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்திலே, கண்ணகிக்குக் கல்லெடுக்க வடதிசை செல்லத் துணிந்த செங்குட்டுவன், வடபுலத்து மன்னர்க்கெல்லாம் ஓலை போக்க வேண்டும் என்னும் பேச்சு எழுகிறது. அப்போது அழும்பில்வேள் எழுந்து, ஓலை எதற்கு, நாவலந்தீவின் பகைவேந்தர் அனைவருடைய ஒற்றர்களும் வஞ்சியின் வாயிலை விட்டு அகலாமலே இருக்கின்றனர். நகரிலே பறையறைந்தாற் போதும், அவர்களே செய்தியைக் கொண்டு செல்வர் என்கிறான். பகைவரின் ஒற்றரைத் தன் அஞ்சற்காரராக்கிக் கொள்ளும் இத்தன்னம்பிக்கை வலியோர்க்கே வாய்க்கும்.

அஞ்சிய அரசன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதனைப் புறநானூற்றின் நாற்பத்தேழாம் பாட்டும், அதனினும் மேலாக அப்பாட்டின் கீழுள்ள குறிப்பும் காட்டுகின்றன. சோழர் குடியினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடு ஒருவர் பகைத்திருந்த காலம் அது. நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்ட இளந்தத்தன் என்னும் புலவன் உறையூருக்குள் புகுகிறான். அங்கிருந்தவன், பின்னர் காரியாற்றிலே துஞ்சியவனாகிய நெடுங்கிள்ளி. வந்தவன் பகைவனின் ஒற்றன் எனக் கருதி அவனைக் கொல்ல முற்படுகிறான். கோவூர்கிழார் குறுக்கிட்டுப் பாடி, அவனை உய்யக் கொள்கிறார்.

இளந்தத்தன் செய்த குற்றம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்தமை. பாணரும் புலவரும் பரிசிலரும் அவ்வாறு வருவதும் போவதுமே அக்கால வழக்கம். வாயில்கள் அவர்களுக்கு அடைபடுவதில்லை என்பதனைச் சங்கப் பாடல்கள் சலிப்பின்றிக் கூறுகின்றன. போர்க்காலத்திலே அந்த வழக்கமே அவனுக்குப் பகையாயிற்று. எல்லை கடந்து நடமாடக்கூடியவன் எவனோ, அவன்மீதே முதல் ஐயம் விழும். ஒற்றரும் அவ்வாறே நடமாடுவர் அல்லவா? துறவி வேடத்திலும் அவர் செல்வர் என வள்ளுவரே கூறியிருக்கிறார். புலவன் வேடத்திலே ஏன் செல்லலாகாது என நெடுங்கிள்ளி கேட்டிருப்பானாயின் அக்கேள்வியிலே தருக்கப் பிழை எதுவும் இல்லை. பிழை வேறிடத்திலே உள்ளது. ஒற்றனாக இருத்தல் கூடும் என்பதற்கும் ஒற்றனே என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவன் ஒரே அடியிலே கடந்துவிட்டான்.

கோவூர்கிழார் கூறும் விடை வியப்பூட்டுவது. இவன் ஒற்றன் அல்லன் என்பதற்கு அவர் சான்று எதனையும் காட்டவில்லை. இவனை எனக்குத் தெரியும் என்றும் பிணை நிற்கவில்லை. ஒற்று என்ற சொல்லையே அப்பாட்டு எடுத்தாளவில்லை. அது கீழ்க்குறிப்பிலே மட்டுமே வருகிறது. பறவைகளைப் போல நெடுவழி கடந்து வள்ளல்களை நாடிச் செல்வதும், பெற்றதைக் கொண்டு சுற்றத்தை ஊட்டுவதும், சேர்த்து வையாது உண்பதும், சுருங்காது கொடுப்பதும், தம் தகுதிக்கேற்ற மதிப்பொன்றுக்காகவே வருந்துவதுமாகிய பரிசிலர் வாழ்க்கையை அவர் விரித்துரைக்கிறார். இந்த வாழ்க்கை பிறர்க்குத் தீமை நினைந்ததுண்டோ எனக் கேட்கிறார். கல்வியிலே தம்மோடு மாறுபட்டோர் நாணத் தலைநிமிர்ந்து செல்வதுதான் அவர்கள் செய்யும் ஒரே தீங்கு. அந்த வகையிலே மண்ணாளும் உம்மைப் போன்ற பெருமிதமும் அவர்களுக்கு உண்டு என முடிக்கிறார். குற்றச்சாட்டை மறுக்காமலே அதனைச் சிறுமைப்படுத்திய விடை இது. இல்லாத ஒன்றுக்கு எவர்தாம் சான்று காட்ட முடியும்? ஒற்றன் எனப்பட்டவன் தான் ஒற்றன் அல்லன் என்பதனை மெய்ப்பித்தல் இயலாது. அவன் இன்னார், இவ்வாறு வாழ்கிறவன் என்பதனை மட்டுமே எடுத்துச் சொல்லலாம். கோவூர்கிழார் அதனை அறிந்திருந்தார். ஆத்தி மாலை சூடிய இரு சோழர்களையும் பார்த்து, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என இன்னொரு பாட்டிலே இடித்துரைத்தவரும் அவரே.

இச்சொல்லின் பிற்கால வரலாறு தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்கவில்லை. மலையாளத்திலே ‘ஒற்றுக’ என்றால் காட்டிக்கொடுத்தல். ‘ஒற்றுகாரன்’ என்பவன் காட்டிக்கொடுத்தவன். யூதாசை மலையாளக் கிறிஸ்தவர் இப்பெயராலேயே குறிப்பிடுவர். நோக்கி அறிதலாகிய தொழில், நம்பியவனை விற்பதாகிய செயலாக அங்கே மாறிவிட்டது. ஈழத்திலோ இச்சொல் மொழியின் வேலியையே தாண்டியது. சிங்களத்திலே ஒற்றுச் செய்தியை ‘ஒத்துவ’ என்றும், ஒற்றனை ‘ஒத்துக்காரயா’ என்றும், வேவு பார்த்தலை ‘ஒத்து பலனவா’ என்றும் கூறுவர். காற்று என்பதனைக் காத்து எனச் சொல்லும் தமிழ்ப் பேச்சு வழக்கினின்றும் இது சென்றது எனக் கொள்வதிலே தடையில்லை. கோயிலும் கடையும் அப்பமும் மட்டும் இரு மொழிகளுக்கிடையே போய் வரவில்லை. ஒருவரையொருவர் மறைந்து நோக்குவதற்கான சொல்லையும் இவ்விரு இனத்தாரும் பங்கிட்டுக்கொண்டுள்ளனர்.

தமிழிலே காட்டிக்கொடுத்தல் எனத் தனிச் சொல் இருந்தமையினால் ஒற்று அதனோடு கலவாமல் நெடுங்காலம் தப்பியது. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் யூதாஸ் காட்டிக்கொடுத்தவனே. தானியம் வாங்க எகிப்துக்கு வந்த சகோதரரை யோசேப்பு பொய்யாகக் குற்றஞ்சாட்டும்போது அழைப்பது ‘வேவுகாரர்’ என்றே. இரு சொற்களும் இரு செயல்கள். இந்த வேறுபாடு ஈழத்திலே 1980களில் அழிந்துபோயிற்று.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திற்குப் பிந்திய ஆண்டுகளிலே புதிய சொற்கள் மக்கள் நாவிலே புகுந்தன. கொழும்பிலே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இயங்கிய ‘நாலாம் மாடி’ கட்டடத்தின் ஒரு தளத்தைக் குறிப்பதை விட்டு அச்சமொன்றின் பெயராயிற்று. புலன் என்பது ஐம்பொறிகளின் அறிவு. வெட்சி மறவன் அறிந்து வந்ததும் அதுவே. திணைக்களமொன்றின் பெயரிலே அது ஏறியமர்ந்தபோது அரசுக்கும் கண்ணும் செவியும் தோலும் முளைத்தாற்போல் ஆயிற்று. ஊருக்குப் புதிதாக வந்த ஐஸ்பழ வியாபாரியும், பாதை கேட்ட வழிப்போக்கனும் ‘சீ.ஐ.டி.’ ஆகக்கூடிய காலம் அது.

1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை வடக்குக் கிழக்கிலே நிலைகொண்டிருந்த காலத்திலும், அதன் பின்னரான இராணுவச் சுற்றிவளைப்புகளிலும் ‘தலையாட்டி’ என்னும் சொல் பெற்ற பொருளை எந்தப் பழைய அகராதியும் அறியாது. அதுவரை தலையாட்டி என்றால் எதற்கும் ஆமெனச் சொல்பவன். அல்லது தஞ்சாவூரிலே செய்யப்படும் பொம்மை. இப்போது ஊரார் பாடசாலை மைதானத்திலோ கோயில் வீதியிலோ கூட்டப்பட்டனர். முகத்தை மூடிய ஒருவன் முன்னாலே அவர்கள் ஒவ்வொருவராக நடத்தப்பட்டனர். மூடிய துணியிலே கண்களுக்கு மட்டும் இரு துளைகள். அத்தலை அசைந்தால் நடந்தவன் பிரித்தெடுக்கப்பட்டான். அசையாவிட்டால் வீட்டுக்குச் சென்றான். மூடிய துணிக்குள்ளே இருந்தவனும் பெரும்பாலும் அவ்வாறு பிடிக்கப்பட்டு, அடிபட்டு, அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்டவனே என்பதனை மக்கள் அறிந்திருந்தனர். ஒருவன் சொல்லை இன்னொருவன் சொல்லோடு ஒற்றிப் பார்க்கவும், மூவர் சொல் ஒக்கவும் அங்கே இடமிருக்கவில்லை. ஒரே ஒரு தலை. அதன் ஒரே ஓர் அசைவு. சொல் கூட இல்லை.

அதே 1987-89 காலப் பகுதியிலே தெற்கிலும் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, சாக்கினால் முகம் மூடப்பட்ட காட்டிக்கொடுப்போர் சிங்கள இளைஞரை அவ்வாறே அடையாளம் காட்டினர். அவர்களுக்கு அங்கே ‘கோனி பில்லா’ எனப் பெயர். கோனி என்பது சாக்கு. பில்லா என்பது உறங்க மறுக்கும் குழந்தையை அச்சுறுத்தத் தாய்மார் சொல்லும் பூதம். தமிழர் பொம்மையின் பெயரை எடுத்தனர். சிங்களவர் பூதத்தின் பெயரை எடுத்தனர். இரண்டும் தொட்டிலுக்கு அருகிலிருந்து எடுக்கப்பட்ட சொற்கள்.

எதிர்ப்பக்கத்துத் தண்டனைகளையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1980களின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்துச் சந்திகளில் மின்கம்பங்களிலே கட்டிச் சுடப்பட்டோர் பலர். செய்த குற்றம் இன்னதென அருகே எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தது. உளவாளி, துரோகி, காட்டிக்கொடுத்தவன் என்பன அவற்றிலே ஒன்றின் இடத்தை ஒன்று பெறக்கூடிய சொற்களாயின. வேவும் ஒற்றும் காட்டிக்கொடுத்தலும் ஒன்றேயாகிய நாள் அதுவே. உண்மையிலே செய்தி கொடுத்தவரும் அவர்களுள் இருந்திருக்கலாம். கடைக்குப் போகும் வழியிலே சோதனைச் சாவடியிலே நின்று பேசியதற்கு மேல் எதுவும் செய்யாதவரும் இருந்திருக்கலாம். அட்டையிலே எழுதியவனுக்கு இளந்தத்தன் கதை தெரிந்திருக்குமாயினும் தெரிந்திருக்கும், க.பொ.த. உயர்தரத்திலே தமிழைப் பாடமாக எடுத்தவனாகவும் இருந்திருப்பான். அச்சந்திகளிலே பாடி உய்யக் கொள்ள எவரும் முன்வரவில்லை. முன்வந்திருந்தால் அவர் பெயருக்கும் ஓர் அட்டை ஆயத்தமாகியிருக்கும்.

2009ஆம் ஆண்டு போர் முடியும் வரை வன்னியிலே வாழ்ந்தோர்க்கு வேவு மேலேயிருந்தும் வந்தது. ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் ‘வண்டு’ என்றே அழைத்தனர். ஓயாமல் ரீங்கரித்தபடி வட்டமிடும் அதன் ஒலியே அப்பெயருக்குக் காரணம். செய்தி அறிக்கைகளிலே ‘வேவு விமானம்’ எனப்பட்டதைப் பதுங்கு குழியிலிருந்தோர் ஒரு பூச்சியாக்கிக்கொண்டனர். அச்சத்தைச் சிறிதாக்க மக்களுக்குத் தெரிந்த வழிகளுள் பெயரிடுதலும் ஒன்று.

இக்காலத்து அலுவலகத் தமிழ் இச்சொற்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் ‘கண்காணிப்பு’ என்பதனை ஏற்றுக்கொண்டுள்ளது. தூய்மையான சொல், இரகசியம் ஏதும் இல்லாதது போல் ஒலிப்பது. சோழர் கல்வெட்டுகளிலே கோயிற் சொத்தை மேற்பார்வை செய்தவர் கண்காணி எனப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலிகளைத் திரட்டி மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவந்து, அவர்களது வேலையையும் கடனையும் நடமாட்டத்தையும் பிடித்து வைத்திருந்த ‘கங்காணி’யும் அச்சொல்லே. லயத்து மக்களைக் கேட்டால், வெளிப்படையாக நோக்கும் கண் மறைந்து நோக்கும் கண்ணிலும் இரக்கமுடையது என அவர்கள் ஒருபோதும் சொல்லமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலே கிடுகு வேலிகள் இப்போது அருகிவிட்டன. வெளிநாட்டுப் பணத்திலே எழுந்த மதில்களிலே பொட்டு விழுவதில்லை. மதிலின் மூலையிலே கமரா ஒன்று தொங்குகிறது. வாயிலிலே ‘இவ்விடம் கமராவினால் கண்காணிக்கப்படுகிறது’ என்னும் பலகை. அக்கமரா காட்டுவதை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மகன் தன் கைத்தொலைபேசியிலே பார்த்துக்கொள்கிறான். அடுத்த வளவுக் கிழவிக்கு மட்டும், அந்த வீட்டிலே யார் வந்தார், யார் போனார் என்பதனை அறிய வழியில்லை. பின்னேரங்களிலே அவள் தன் படலையடியிலே வந்து நின்று, தெருவிலே போவோரை மறித்துக் கேட்கிறாள்.